வடக்கு விரிகுடாவுக்கு வந்த எட்டு விருந்தாளிகள்

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு சோம்பேறித்தனத்திலிருந்து பிறந்தது. சோம்பேறி நான்தான். இதற்கு முன் எழுதிப் பார்த்த தொடக்கங்களில் சோம்பேறிகள் வேறு ஆட்களாக இருந்தார்கள். உதாரணத்துக்கு இரண்டு:

[அடித்தது: கடல் அன்று காலை பாத்திரம் கழுவிய தண்ணீர் நிறத்தில் இருந்தது. மீன் ஆராய்ச்சி நிலையத்தின் டிரைவர் ஒரு முடிவுக்கு வந்தார்.]

[அடித்தது: மீன் வியாபாரிக்கு யாரையும் ஏமாற்றும் உத்தேசம் இருக்கவில்லை. ஆனால்]

அந்த டிரைவர் நல்ல மனுஷன், அவர் மேல் பழி போடக் கை வரவில்லை. வியாபாரி விஷயத்தில் கை நன்றாகவே வந்தது. 'ஆனால்' வரைக்கும் ஓடினேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் நான் செய்தது என்பதால் பேனா நின்றுவிட்டது.

அடித்ததை ஏன் அப்படியே விட்டுவைத்திருக்கிறான், இது ஏதோ புதுமை போலிருக்கிறது என்று நினைக்க வேண்டாம். இது என் அக்காவின் ஆய்வகச் சட்டம். அங்கே ஒரு பெரிய நோட்டு இருக்கிறது. அதில் யார் தப்பாக எழுதினாலும் அக்கா இதைத்தான் சொல்வாள்: "ஒத்தைக் கோடு போட்டு அடி. அடியில இருக்கிறது படிக்கத் தெரியணும். வெள்ளை பூசாதே, பக்கத்தைக் கிழிக்காதே. தப்பும் தகவல்தான்."

இதை ஒன்பது வருடமாகக் கேட்டிருக்கிறேன். கேட்டு என்ன, காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

2

அக்காவை அறிமுகப்படுத்த வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவள். மீன் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. ஒன்பது வருடமாக ஒரே மீன்: கிழங்கான். கரையோர மணலில் மேயும், நீள மூஞ்சி, வெள்ளி நிறம், ஒரு சாண் நீளம். வறுத்து வைத்தால் பத்து நிமிடத்தில் தீர்ந்துபோகும் இந்த மீனை ஒன்பது வருடமாகத் தீர்க்க முடியாமல் வைத்திருப்பவள் என் அக்கா.

அவளுடைய கேள்வி சின்னது. எங்கள் ஊர்க் கரையில் இரண்டு விரிகுடாக்கள். வடக்கில் இருப்பது குட்டி. இந்தக் கரையில் நின்று திட்டினால் அந்தக் கரையில் கோபம் வரும். தெற்கில் இருப்பது பெரியது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பாறைமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. இரண்டிலும் கிழங்கான் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பமா, அல்லது என்றைக்கோ பிரிந்துபோய் இப்போது போக்குவரத்து இல்லாத இரண்டு குடும்பங்களா?

பார்த்தால் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அக்காவுக்கே தெரியாது. மரபணுவைப் படித்தால்தான் தெரியும். இதை அவள் எனக்கு இப்படித்தான் விளக்கினாள்: ஒரே பழைய கடிதத்தை இரண்டு வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் படியெடுத்துக்கொண்டே வருகிறார்கள் என்று வைத்துக்கொள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மாதிரி எழுத்துப்பிழை சேரும். பிழையைப் பார்த்து எந்த வீட்டுப் பிரதி என்று சொல்லிவிடலாம். இரண்டு வீட்டுக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தால் பிழைகள் கலந்துபோகும்.

"சரி, தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" என்று ஒருமுறை கேட்டேன். தம்பிகள் கேட்கவென்றே சில கேள்விகள் இருக்கின்றன.

"வடக்குல வருஷத்துக்கு ரெண்டு மாசம் மீன் பிடிக்கத் தடை இருக்கில்ல? அதுங்க முட்டை போடுற மாசம். தெற்குலேர்ந்து மீன் வந்து ரொப்பிக்கிட்டே இருக்கும்னா அந்தத் தடை வீண், எடுத்துடலாம். வடக்கு மீன் தனிக் குடும்பம்னா, தடையை எடுத்த நாலாவது வருஷம் அங்க வலையில பாசிதான் வரும். அவ்வளவுதான்டா என் ஒன்பது வருஷம்."

3

போன வருடம் அக்கா ஆய்வகப் படியில் சறுக்கிக் காலை உடைத்துக்கொண்டாள். உதவியாளர் பிரசவ விடுப்பில். தடை ஆரம்பிக்க மூன்று நாள்தான் பாக்கி, அதற்குள் வடக்கில் நாற்பது மீனின் மாதிரி எடுத்தாக வேண்டும். வீட்டில் வெட்டியாக இருப்பவன் யார் என்று யோசித்தபோது குடும்பம் முழுக்க ஒரே திசையில் திரும்பிப் பார்த்தது. நான் அப்போது ஒரு நாவலின் நடுவில் இருந்தேன். அது வெளியிலிருந்து பார்த்தால் தூங்குவதுபோல் இருக்கும்.

"போய் நாப்பது மீன் வாங்கு. செட்டை ஓரத்துல நகம் அளவுக்கு வெட்டி, ஒரு குப்பியில ஒண்ணுன்னு போடு. வேற எதையும் யோசிக்காதே. நீ யோசிக்காம இருந்தாலே பாதி வேலை முடிஞ்சது" என்றாள் அக்கா, மாவுக்கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு.

ஆல்கஹால் ஊற்றிய நாற்பது சின்னக் குப்பிகள். மூடியில் ஒன்றிலிருந்து நாற்பது வரை அவளே நம்பர் போட்டுவைத்திருந்தாள். உள்ளே போடும் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும், பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். ஒரு தாளில் நம்பருக்கு நேராக மீனின் நீளம். இவ்வளவுதான் வேலை.

வடக்குக் கரையில் ஒரு படகுக்காரி இருக்கிறார். சொந்தப் படகு, சொந்த வலை, வாய் மட்டும் நான்கு பேருக்கு உண்டானது. என் வயதுதான் இருக்கும். இந்தப் படகுக்காரியைக் கதைக்குள் கொண்டுவருவதில் எனக்கு ஒரு சிக்கல்.

[அடித்தது: அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "அங்கேர்ந்து இங்க ஒண்ணும் வராது சார். கடலுக்கும் வேலி உண்டு. மீனுக்குத் தெரியும், மனுஷனுக்குத்தான் தெரியாது."]

எழுதி முடித்ததும் எனக்கே புல்லரித்தது. இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். பிறகுதான் சந்தேகம் வந்தது. கடலைப் பார்த்தபடி பேச அவருக்கு ஏது நேரம்? வலையை உதறிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் கேட்டது, "எங்க அக்கா இந்த ஆராய்ச்சியெல்லாம் பண்றாங்களே, தெற்கு மீன் இங்க வருமா?" என்றுதான். அவர் சொன்ன பதில் இது:

"எங்கேர்ந்து வந்தா என்ன சார், வலைக்கு வந்தா சரி. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, கயித்தை மிதிக்கிறீங்க."

நீங்கள் எதிர்பார்க்கும் ஞானம் எதுவும் அவரிடமிருந்து வராது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். தடை என்றாலே அவருக்கு எரிச்சல். வருடத்தில் இரண்டு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார யாருக்குத்தான் பிடிக்கும்?

அன்று கடல் சரியில்லை. அலை தூக்கியடித்ததில் சீக்கிரமே திரும்பிவிட்டார். ஒரு கூடையை என் முன்னால் நகர்த்தினார். நாற்பது தேறாது என்று பார்த்ததுமே தெரிந்தது.

"மீதியை நாளைக்கு வந்து வாங்கிக்குங்க சார். கடல் நாளைக்கு அடங்கிடும்."

4

இங்கேதான் நான் நாளைக்கு வந்திருக்க வேண்டும்.

வரவில்லை. அன்று மாலை ஒரு இலக்கியக் கூட்டம். நான்தான் சிறப்புப் பேச்சாளர். தலைப்பைச் சொன்னால் நான் இட்டுக்கட்டுகிறேன் என்பீர்கள்: 'புனைவில் உண்மையின் இடம்'. மறுநாள் அந்தப் பேச்சின் களைப்பு இருக்கும் என்பது முதல் நாளே தெரிந்துவிட்டது.

கையில் இருந்த மீன்களைக் கரையிலேயே வெட்டி முடித்தேன். வருகிற வழியில் நகரத்துச் சந்தை. அங்கே வருவதெல்லாம் தெற்கு மீன். அதிலும் கிழங்கான் இருந்தது. அதே மூஞ்சி, அதே வெள்ளி நிறம், அதே முறைப்பு. மீன் மீன்தானே என்று மனதுக்குள் ஒரு குரல் சொல்லிற்று. நல்ல பழக்கமான குரல். ஒரு பாத்திரத்துக்கு எழுதிய வசனத்தைத் தூக்கி இன்னொரு பாத்திரத்தின் வாயில் போடும்போதும் அதே குரல்தான் தைரியம் சொல்லும்.

ஒரு டஜன் வாங்கினேன். சந்தைக்குப் பின்னால் காரை நிறுத்தி, டிக்கியில் செய்தித்தாள் விரித்து வெட்டினேன். ஒன்றை ஒரு பூனை கவ்விக்கொண்டு ஓடிவிட்டது. மீதி பதினொன்று. நாற்பது குப்பியும் நிறைந்தன.

(நடுவில் ஒரு குறிப்பு: இதைப் படித்துவிட்டு என் மனைவி, "பூனை எங்கேர்ந்து வந்துச்சு? அன்னைக்கு நீங்க சொல்லவேயில்லையே" என்றாள். அன்றைக்கு நான் எதையுமே சொல்லவில்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. பூனை இருந்தது. இருந்த மாதிரிதான் இருக்கிறது. டிக்கி, மீன், செய்தித்தாள் என்று மூன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்தால் பூனை தானாகவே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்பதையும் மறுக்கவில்லை. இப்போதைக்கு விட்டுவைக்கிறேன்.)

வீட்டுக்கு வந்து இன்னொரு காரியம் செய்தேன். நீளம் எழுதிய தாள் மீன் வாடையோடு, ஈரமாக, கோணல்மாணலாக இருந்தது. அக்காவிடம் இதையா கொடுப்பது என்று புதுத் தாளில் அழகாகப் படியெடுத்தேன். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, நாற்பது வரிசை, முத்து முத்தாக. பழையதைக் கிழித்துப் போட்டேன். எந்தக் கதையின் வரைவையும் நான் வைத்துக்கொள்வதில்லை. பத்திரிகைக்காரர்கள் கேட்டால் பெருமையாகவே சொல்வேன்.

அக்கா தாளைப் பார்த்து, "பரவாயில்லையே, இவ்வளவு சுத்தமா எனக்கு யாரும் குடுத்ததில்ல" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. சொல்லவே கூசுகிறது, ஆனால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

5

எட்டு மாதம் கழித்து போன் வந்தது.

"டேய்! எங்கடா இருக்க? உட்கார்ந்திருக்கியா?"

அக்கா போனில் கத்துகிறவள் இல்லை. யாரோ போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

"விருந்தாளிங்கடா! எட்டுப் பேர்! வடக்கு நாப்பதுல எட்டு மீன் தெற்கு ரத்தம். சுத்தமான தெற்கு. முனையைச் சுத்தி வந்து இங்க குடியிருக்குதுங்க. ஒன்பது வருஷமா நான் தேடினது இதைத்தான். நீ வெட்டின மீன்டா, உன் கை ராசி!"

கம்ப்யூட்டர் ஒவ்வொரு மீனுக்கும் ஒரு பட்டை வரைந்து தரும். வடக்கு என்றால் நீலம், தெற்கு என்றால் ஆரஞ்சு. வடக்கு மாதிரியின் நாற்பது பட்டைகளில் முப்பத்திரண்டு நீலம், நடுவில் அங்கங்கே எட்டு ஆரஞ்சு. படத்தை எனக்கு அனுப்பிவைத்தாள். வீட்டுச் சுவரில் மாட்டலாம்போல அழகாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன்.

"கங்கிராட்ஸ்க்கா" என்றேன்.

(இன்னொரு குறிப்பு: அந்த நேரத்தில் ஒன்று மட்டும் மனதில் தட்டியது. எட்டா? நான் போட்டது பதினொன்று ஆயிற்றே? போகட்டும், கணக்கில் நான் எப்போதும் அரைகுறை என்று தள்ளிவிட்டேன்.)

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. அக்கா அறிக்கை எழுதினாள். மீன்வளத் துறை இயக்குனர் அதைப் படித்துவிட்டு மகிழ்ந்துபோனார். தடையால் அவருக்கு வருடா வருடம் மனுக்கள்தான் மிச்சம். கரையில் மகிழ்ந்தார்கள். படகுக்காரி என்னைச் சாலையில் பார்த்து, "உங்க அக்கா நல்லா இருக்கணும் சார், கோயில் கட்டலாம்" என்றார். வருகிற திங்கள்கிழமை காலை இயக்குனர் அறையில் கூட்டம். தடையை எடுக்கும் உத்தரவில் கையெழுத்தாகும். இன்னும் இருபது நாளில் வடக்குக் கிழங்கான் முட்டைக்கு வந்து நிற்கும். அதன் மேல் வலை விழும்.

என் சோம்பேறித்தனத்தால் இவ்வளவு பேருக்குச் சந்தோஷம். என் புத்தகங்கள் எல்லாம் சேர்ந்து இதில் பத்தில் ஒரு பங்கு கொடுத்ததில்லை.

6

இன்று சனிக்கிழமை. இதுவரை உள்ளதை நேற்றும் இன்றும் எழுதினேன். இப்போது கதைக்கு முடிவு வேண்டும். கைவசம் இருப்பவை:

முதல் முடிவு. தம்பி சொல்லவில்லை. தடை போகிறது. நான்காம் வருடம் வடக்கு விரிகுடாவில் கிழங்கான் இல்லை. அக்காவுக்குக் காரணம் புரியவில்லை. "விருந்தாளிங்க ஏன்டா வரல?" என்று தம்பியிடமே கேட்கிறாள். அடங்கிய தொனி, சோகமான கடைசி வரி, பத்திரிகைக்காரர்கள் கேட்டு வாங்கிப் போடுவார்கள். [அடித்தது. அவள் அப்படிக் கேட்கும்போது நான் எங்கே பார்ப்பேன் என்று எழுத முடியவில்லை.]

இரண்டாம் முடிவு. தம்பி சொல்கிறான். அக்கா ஒரு நிமிடம் மௌனமாக இருந்துவிட்டு, அவன் தலையைத் தடவிக்கொடுத்து [அடித்தது. என் அக்காவைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.]

மூன்றாம் முடிவு. ஆய்வகம் தானாகவே தவறைக் கண்டுபிடித்துவிடுகிறது, தம்பி சொல்ல வேண்டிய அவசியமே [அடித்தது. போன் வந்த நாளிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன்.]

பாத்திரத்தின் மேலும் ஒரு சந்தேகம் உண்டு. இந்தத் தம்பி ஏன் நேரில் போய்ச் சொல்லாமல் உட்கார்ந்து கதை எழுதுகிறான்? வாசகர் கேட்கத்தான் செய்வார். பதில் கேவலமானது. நேரில் சொன்னால் அவன் வெறும் குற்றவாளி. எழுதிக் கொடுத்தால் குற்றவாளியாக இருந்தாலும் நடை நன்றாக இருக்கிறது என்று யாராவது சொல்ல வாய்ப்பிருக்கிறது.

நாளை காலை இதை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

7

போனேன். சாப்பாட்டு மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். தாள்களைக் கொடுத்தேன்.

"என்னடா, புதுக் கதையா? நான் வர்றேனா?"

"வர்ற."

முதல் பக்கத்தில் சிரித்தாள். மூன்றாம் பக்கத்தில் படகுக்காரியின் வசனத்துக்குச் சத்தமாகவே சிரித்தாள். நான் எதிரில் உட்கார்ந்து மேசையின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். நான்காம் பகுதியில் சிரிப்பு நின்றது. ஒரு பக்கத்தை இரண்டு முறை படித்தாள். பிறகு கடைசி வரைக்கும் வேகமாகப் புரட்டினாள்.

"இது கதைதானே?"

மேசையின் ஓரத்தைச் சுரண்டுவதை நிறுத்தினேன்.

"கதைன்னு சொல்லுடா."

"இல்லக்கா."

கையில் இருந்த தாள்களை மேசையில் வைத்தாள். அவள் கத்துவாள் என்று தயாராக வந்திருந்தேன். கத்தவில்லை. "ஒன்பது வருஷம்டா" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல் இருந்தது. இதை அழகுபடுத்தி எழுதத் தெரியாமல் இல்லை, வேண்டாமென்று விடுகிறேன்.

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்தவள் அக்கா இல்லை, விஞ்ஞானி.

"பதினொண்ணுன்னு எழுதியிருக்க. பதினொண்ணா, எட்டா?"

"பதினொண்ணு."

"ஆரஞ்சு எட்டுதான் வந்துச்சு. அப்போ மிச்சம் மூணு?"

எனக்குப் புரியவில்லை. அவள் கண் வேறு எங்கோ போயிருந்தது.

"டேய், நீ சந்தையில வாங்கினது தெற்கு மீன். அன்னைக்குக் கடல் சரியில்ல, வடக்கு மீன் சந்தைக்கு வந்திருக்காது. அதுல மூணு நீலம் காட்டுதுன்னா, பிடிச்சது தெற்குல, ரத்தம் வடக்கு. புரியுதா? வர்றதில்லடா, போகுது. இங்கேர்ந்து அங்க போகுது. பெரிய விரிகுடாவுக்குப் பிள்ளை குடுக்கிறதே இந்தச் சின்ன விரிகுடாதான்!"

"உன் தெற்கு மாதிரியில அது தெரியலையா?"

"நான் எடுத்தது கடைக்கோடியில. சந்தைக்கு வர்றது முனை ஓரம் பிடிக்கிற மீன். அங்க நான் எடுக்கவே இல்ல." மூச்சு வாங்கினாள். "இது அந்த எட்டைவிடப் பெருசுடா. எவ்வளவோ பெருசு. தடையை எடுத்தா வடக்கு மட்டுமில்ல, தெற்கும் போயிடும்."

பிறகு கேள்விகள் வந்தன. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரியான கேள்விகள்.

"குப்பியை வரிசையா எடுத்தியா? சந்தை மீன் எந்த நம்பர்லேர்ந்து ஆரம்பிச்சுது?"

"கைக்கு வந்ததை எடுத்தேன்."

"முதல்ல எழுதின தாள் எங்க?"

"கிழிச்சுட்டேன்."

"கரையில எத்தனை வெட்டினன்னு எங்கயாவது குறிச்சியா?"

"இல்ல."

"அப்போ பதினொண்ணுன்னு எப்படித் தெரியும்?"

"ஒரு டஜன் வாங்கினேன். ஒண்ணைப் பூனை எடுத்துட்டுப் போயிடுச்சு."

அக்கா தாளைப் புரட்டி, மனைவி கேட்டதை நான் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள். சத்தமாகப் படித்தாள். "'இருந்த மாதிரிதான் இருக்கிறது.'" நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பூனை இருந்துச்சா, இல்ல நீ எழுதினதாடா?"

யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். டிக்கி தெரிகிறது, செய்தித்தாள் தெரிகிறது. பூனையும் தெரிகிறது, சாம்பல் நிறம், வாலில் வெள்ளை. ஆனால் அந்த வாக்கியத்தை எழுதிய பிறகுதான் அதற்கு நிறம் வந்தது. ஒரு டஜன் என்பதும் அப்படித்தான். கை நிறைய அள்ளிக் காட்டி 'இவ்வளவு' என்று வாங்கினேனோ என்னவோ.

"தெரியலக்கா."

"ஒரு பூனையை வெச்சு நான் எப்படிடா பேப்பர் எழுதுவேன்?" என்றாள். சிரித்தாளா அழுதாளா என்று எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

8

திங்கள்கிழமை. கூட்டம் முடிந்துவிட்டது. அலுவலகத்தின் வெளிப்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்கு அக்கா போன் செய்தாள். குரலில் தூங்காத கரகரப்பு.

"டைரக்டர்கிட்ட எல்லாத்தையும் எழுதிக் குடுக்கப்போறேன். உன்னை ஒரே ஒரு கேள்விதான் கேப்பாரு, எத்தனை மீன்னு. பதினொண்ணுன்னு நீ உறுதியாச் சொன்னா இந்த வருஷமே முனை ஓரம் மாதிரி எடுக்க அனுமதி வாங்கிடுவேன். எட்டுன்னா, நான் ஒரு ஏமாந்த சோணகிரி, அவ்வளவுதான்." பிறகு, "பூனை இருந்துச்சுன்னு சொல்லேன்டா" என்றாள்.

அடித்ததைக்கூட அழிக்கவிடாத என் அக்கா. 'சொல்லேன்' என்று கெஞ்சினாள். அவளை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது நான்.

இயக்குனர் அறையில் நாங்கள் நான்கு பேர். இயக்குனர், அக்கா, கரைக்காரர்கள் சார்பில் படகுக்காரி, நான். அக்கா நடந்ததைச் சொன்னாள். என் பெயரில் எந்தப் பூச்சும் பூசாமல், எந்தக் கறுப்பும் அடிக்காமல் சொன்னாள். இயக்குனர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படகுக்காரியின் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"அன்னைக்கு இவருக்கு எத்தனை மீன் குடுத்தீங்க?" என்று அவரிடம் கேட்டார் இயக்குனர்.

"நான் என்னிக்கு சார் மீனை எண்ணியிருக்கேன்? கூடையோட நகர்த்தினேன்."

இயக்குனர் என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. சந்தையில வாங்கிப் போட்டது எத்தனை?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

பதினொன்று என்பது அருமையான கதை. சோம்பேறி செய்த தப்பிலிருந்து பெரிய உண்மை ஒன்று வெளிவருகிறது. தம்பி பாதி மன்னிக்கப்படுகிறான், அக்காவுக்கு ஒன்பது வருடம் திரும்பக் கிடைக்கிறது. என் தொழிலில் இருப்பவன் எவனும் பதினொன்று என்றுதான் எழுதுவான். அவ்வளவு பொருத்தமாக இருந்ததாலேயே எனக்கு அதன் மேல் நம்பிக்கை போய்விட்டது. உண்மையாகவே பதினொன்றாக இருக்கலாம். எனக்கு அது தெரியாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

"ஞாபகம் இல்ல சார்" என்றேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

அறிக்கை திரும்பப் பெறப்பட்டது. தடை இந்த வருடமும் உண்டு. புதிதாக மாதிரி எடுக்க அடுத்த நிதியாண்டில் மனுப் போடச் சொல்லிவிட்டார் இயக்குனர். விரிகுடாவில் ஒரு மீனுக்கும் ஒன்றும் ஆகாது, இப்போதைக்கு. வெளியே வந்து படியில் என்னைக் கடந்துபோன படகுக்காரி நின்றார்.

"ஏன் சார், ரெண்டு மாசம் நீங்க வந்து எங்க வீட்டு அடுப்பை எரிப்பீங்களா?"

நான் நகர்ந்து அவருக்கு வழிவிட்டேன்.

"அன்னைக்கே சொன்னேனே, நாளைக்கு வாங்கன்னு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அதற்கு முன்பே இறங்கிப் போயிருந்தாள். என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரே வண்டிகள் நிற்கும் இடத்தில் அவளுடைய கார் இருக்கிறது. ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். இன்ஜின் ஓடும் சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது. இந்தப் பகுதியை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆகியிருக்கும். கார் நகரவில்லை.

வாசகரே, இந்த இடத்தில் என்னால் என்ன செய்ய முடியும் என்று உங்களுக்குத் தெரியும். பக்கத்து இருக்கையின் கதவு உள்ளிருந்து திறந்தது என்று எழுத எனக்கு ஒரு வரி போதும். அவள் எனக்காகக் காத்திருக்கிறாள் என்பதற்கும், கண்ணீர் மறைத்து வண்டி ஓட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறாள் என்பதற்கும் இங்கிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. நீங்கள் எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், நான் எழுதப்போவதில்லை.

எழுந்து போய்ப் பார்க்கிறேன்.